கீழ் பெர்த், ஜன்னல் ஓரம், காலி

எங்கள் ஆபீஸில் டிக்கெட் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, ஊருக்குப் போகிறவர்கள் எங்கள் தளத்தில் வாங்கும் பஸ் டிக்கெட். இன்னொன்று, அதை வாங்கும்போது ஏதாவது கோளாறு வந்தால் ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளில் நாங்கள் எழுதிக்கொள்ளும் டிக்கெட். சென்னையில் இப்படி பஸ் டிக்கெட் விற்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக ஃப்ரன்ட்எண்ட் வேலை, அதாவது வாங்குபவர் பார்க்கும் பக்கங்களை எழுதும் வேலை, பார்க்கிறேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். சொல்லப்போவதில் பாதி எங்கள் தவறுகள், அதில் பாதி என்னுடையவை.

கதை இரண்டாம் வகை டிக்கெட் ஒன்றில் தொடங்குகிறது. மூன்றே வரி. "வாடிக்கையாளரால் சீட் தேர்வு செய்ய முடியவில்லை. போனில் உதவி செய்யப்பட்டது. முடிக்கப்பட்டது." வேறொரு கோளாறின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஏழெட்டு மாதம் கழித்து என் கண்ணில் பட்டது. கூடவே அந்த அழைப்பின் ஒலிப்பதிவும் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

பேசியவர் திருநெல்வேலிக்காரர், சென்னையில் பள்ளி ஆசிரியர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகிறவர். பார்வை இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறார். ஊர், தேதி, பஸ் எல்லாம் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். சீட் வரைபடத்தில் வந்து நின்றுவிட்டது.

"தம்பி, நீங்க எனக்கு டிக்கெட் போட்டுத் தர வேண்டாம். போன தடவையும் நீங்கதான் போட்டுத் தந்தீங்க, அதுக்கு முந்தின தடவையும் நீங்கதான். எந்த சீட் காலியா இருக்குன்னு உங்க பக்கம் எனக்குச் சொல்ல மாட்டேங்குது. அதைச் சரி பண்ணச் சொல்லுங்க."

எதிர்முனையில் இருந்த பையன் நல்ல பையன்தான். உதவ நினைத்து, பழக்கத்தில், "சார், பிங்க் கலர்ல இருக்கறது லேடீஸ் சீட் சார், கிரே கலர்ல இருக்கறது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அப்புறம் நாலு விநாடி இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. அந்த நாலு விநாடியை இரண்டு மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். காரணம், அந்த சீட் வரைபடத்தை எழுதியவன் நான்.

என்ன தப்பு என்று தொழில் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். நாம் கண்ணால் பார்க்கும் பக்கத்துக்குப் பின்னால் பிரவுசர் இன்னொரு பக்கத்தையும் தயாரித்து வைக்கிறது. அதில் நிறம் இல்லை, அளவு இல்லை. இது பட்டன், இதன் பெயர் இது, இப்போது இதன் நிலை இது என்று ஒரு கிளைப்பட்டியல் மட்டும். திரைவாசிப்பான் வாசிப்பது அதைத்தான். எச்டிஎம்எல்லில் பட்டன் என்றே எழுதியிருந்தால் டேப் கீயில் போய்ச் சேருவது, என்டர் தட்டினால் வேலை செய்வது, 'பட்டன்' என்று அறிவிப்பது எல்லாம் சும்மாவே கிடைத்துவிடும். நான் 36 வெற்றுப் பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் கிளிக்கைக் கட்டிவிட்டு, காலியா, விற்றதா, பெண்களுக்கானதா என்பதையெல்லாம் நிறத்தில் மட்டும் வைத்திருந்தேன். அந்தக் கிளைப்பட்டியலில் என் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு சீட்டே கிடையாது. மேலே தலைப்பு, கீழே 'தொடரவும்' பட்டன், நடுவில் வெட்டவெளி.

உடனே ஞானோதயம் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு.

முதல் தடவை நாங்கள் அக்சஸிபிலிட்டியைத் தொட்டது அந்த ஆசிரியருக்காக அல்ல. (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கு அந்தப் பெயர். 'அணுகல்தன்மை' என்பது சரியான தமிழ்ச் சொல். எழுதும்போது நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆபீஸில் ஒருவர் வாயாலும் இதுவரை கேட்டதில்லை.) பெரிய நிறுவனம் ஒன்று தன் ஊழியர்களின் பயணத்துக்கு எங்களோடு ஒப்பந்தம் போட வந்தது, அணுகல்தன்மை அறிக்கை கேட்டது. வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்தோம். 142 வரிசை கொண்ட எக்செல் கோப்பு வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய டபிள்யூசிஏஜி நெறியின் எந்த விதி மீறப்பட்டது, ஏ நிலையா இரட்டை ஏ நிலையா என்று குறிப்பு. ஆறு வாரம் நானும் இன்னொரு பையனும் உட்கார்ந்து தீர்த்தோம். மறு தணிக்கையில் தேறினோம். கேக் வெட்டினோம். புகைப்படம்கூட இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து அதே நிறுவனம் புது அறிக்கை கேட்டது. இந்தத் தடவை 97 வரிசை.

யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை. நாட்காட்டியைப் புதிதாக எழுதியிருந்தோம். அதில் அம்புக்குறி கீகள் வேலை செய்யவில்லை. புதிதாக வந்த டிசைனர் எழுத்துகளை இன்னும் 'மென்மையாக' ஆக்கியிருந்தார். தீபாவளிச் சலுகைக்கு ஒரு பாப்அப். அதை மூடும் பெருக்கல் குறிக்குப் பெயரே வைக்கவில்லை. உடல் ஊனமுற்றோருக்கான சாய்தளத்தை ஒரு தடவை கட்டினால் அது பாட்டுக்கு நிற்கும். இணையப் பக்கம் அப்படியில்லை, வாசல் கோலம் மாதிரி. வாரத்துக்கு இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி போடுகிறோம். நேற்றைய கோலம் நன்றாக இருந்தது என்பதற்கு சர்டிபிகேட் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இது எங்கள் கம்பெனி வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கத்தைக் கருவி வைத்துச் சோதிக்கிறது. 2019-ல் 97.8 சதவீதப் பக்கங்களில் டபிள்யூசிஏஜி பிழை இருந்தது. 2025-ல் 94.8 சதவீதம். ஆறு வருடத்தில் குறைந்தது மூன்றே மூன்று புள்ளி. அந்தப் பிழைகளில் பெரும்பகுதி வருடா வருடம் அதே ஆறு வகைதான்: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத உள்ளீட்டுப் பெட்டி, வெற்று இணைப்பு, வெற்று பட்டன், மொழி குறிப்பிடாத பக்கம். ஒவ்வொன்றையும் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். அதாவது தெரியாமல் யாரும் தவறு செய்வதில்லை. மறந்து செய்கிறோம், தினமும் செய்கிறோம்.

97 வரிசை வந்த பிறகு நான்தான் 'அக்சஸிபிலிட்டி ஆள்' ஆனேன். ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. "லேபிள் பிரச்சினையா? அவன்கிட்ட கேளு." "கான்ட்ராஸ்ட்டா? அவனை டேக் பண்ணு." ஜிராவில் அதற்கென்று தனி வண்ணப் பட்டை, அது ஒட்டியிருந்தால் என் தலையில். மூன்றாவது மாதம் பார்த்தால் என் பெயரில் 60 டிக்கெட். மற்றவர்கள் புதுப் புது வசதிகளை எழுதுவார்கள். நான் பின்னாலேயே துடைப்பத்தோடு போவேன். சண்டையும் வந்தது. டிசைனரிடம் ஒரு தடவை, "உங்க கண்ணு நல்லா இருக்குங்கறதுக்காக..." என்று ஆரம்பித்து, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது புதிதாக ஐந்து இடத்தில் உடைந்திருந்தது. கேட்டால், "நீ வந்து பார்த்துக்குவேன்னு விட்டுட்டோம் ப்ரோ."

எங்கள் மேனேஜர் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தார். என்னைக் கூப்பிட்டு, "உன்னை இந்த வேலையிலேர்ந்து எடுத்துடறேன்" என்றார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவனுக்கு சுருக்கென்றிருந்தது. அடுத்து ஜிராவிலிருந்து அந்த வண்ணப் பட்டையையும் நீக்கினார். "சீட் நம்பர் ஸ்கிரீன்ல தெரியலேன்னா அது எந்த வகை பக்? காதுக்குக் கேக்கலேன்னாலும் அதே வகைதான். தனியா என்ன பேரு?" அன்று இரவு அம்மாவிடம் போனில் புலம்பினேன். ஆறு மாதம் ஆயிற்று அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று புரிய. பட்டை ஒட்டியிருக்கும்வரை அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெறும் பக், அதாவது சாதாரணக் கோளாறு, ஆனதும், எழுதியவரிடமே திரும்பப் போகிறது.

ஆனால் திரும்பப் போனால் அவருக்குத் தீர்க்கத் தெரிய வேண்டுமே. அதற்காகத்தான் அந்தத் திருநெல்வேலி ஆசிரியரைத் தேடினோம். கஸ்டமர் கேர் வழியாகக் கேட்டு, சம்மதம் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னோம். அவர் நேரத்துக்குப் பணம் கொடுத்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் டீமிலேயே ஒருவர், "சும்மா ஒரு ஃபீட்பேக்தானே, ஃப்ரீ டிக்கெட் குடுத்துடலாம்" என்றார். வெளியே தணிக்கைக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் நாங்கள்.

முதலில் எங்களைத் திகைக்க வைத்தது வேகம். அவருடைய என்விடிஏ பேசும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சோளப்பொரி பொரிகிற மாதிரி கேட்டது. குறைக்கச் சொன்னோம். சிரித்துக்கொண்டே குறைத்தார், அப்போதும் பாதிதான் புரிந்தது. (என்விடிஏ பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கி, பிறகு பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்தது. இலவசம், திறந்த மூலம். ஆகவே எந்த டெவலப்பரும் 'எங்களிடம் கருவி இல்லை' என்று சொல்ல வழியே இல்லை.)

நாங்கள் பெருமையாகக் காட்டியது திருத்திய சீட் வரைபடத்தை. இப்போது ஒவ்வொரு சீட்டும் பட்டன். ஒவ்வொன்றுக்கும் பெயர்: "சீட் எண் எல் 7, கட்டணம் 850 ரூபாய், கீழ் பெர்த், ஜன்னல் ஓரம், பெண்களுக்கு, விற்கப்பட்டது." ஆக்ஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி பூஜ்யம் பிழை என்று பச்சை காட்டியது. அவர் ஒரு சீட், இரண்டு சீட், மூன்று சீட் கேட்டார். நாலாவதில் நிறுத்தினார்.

"தம்பி, கடைசியில விற்கப்பட்டதுன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் வெலையெல்லாம் சொல்லுது? முதல்ல காலியா இல்லையான்னு சொல்லச் சொல்லுங்க. காலின்னாத்தான் மிச்சத்தைக் கேப்பேன்."

ஒரு கருவியும் இதைச் சொல்லாது. கருவிக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். அந்தப் பெயரைக் கேட்பவருக்கு அலுப்புத் தட்டுமா என்று தெரியாது. வரிசையை மாற்றினோம். காலி, கீழ் பெர்த், ஜன்னல் ஓரம், பிறகு எண், பிறகு கட்டணம்.

அடுத்தது டைமர். சீட் பிடித்த பிறகு எட்டு நிமிடத்தில் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட் போய்விடும். தணிக்கையில் இதைக் குறிப்பிட்டிருந்தார்கள் என்று, நேரம் குறைவது காதுக்கும் தெரியட்டும் என்று நினைத்து, கடிகாரத்தை நேரலை அறிவிப்பாக மாற்றியிருந்தேன். விளைவு: "7 நிமிடம் 59 விநாடி, 7 நிமிடம் 58 விநாடி, 7 நிமிடம் 57 விநாடி..." அவர் பயணியின் பெயரைத் தட்டச்சு செய்யப் பார்க்கிறார், என் கடிகாரம் அவரைத் தட்டவே விடவில்லை. அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது பெருந்தன்மை.

இது ஏரியாவின் குணம். நம்ம ஊர் ஏரியா அல்ல. திரைவாசிப்பானுக்குக் கூடுதல் தகவல் கொடுக்க எச்டிஎம்எல்லில் சேர்க்கும் குறிப்புகளுக்கு அந்தப் பெயர். அதன் முதல் விதியே, எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே ஒரு உறுப்பு இருந்தால் அதையே பயன்படுத்து, என்னைத் தொடாதே என்பதுதான். உப்பு மாதிரி. வெப்எய்ம் கணக்கிலும் ஏரியா குறிப்புகள் உள்ள பக்கங்களில் சராசரிப் பிழை அதிகமாகவே வருகிறது. இப்போது எங்கள் டைமர் இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஒரு தடவை சொல்லும். 'இன்னும் நேரம் வேண்டும்' என்று ஒரு பட்டன் இருக்கும். டபிள்யூசிஏஜி கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடு.

ஓடிபி பெட்டியையும் அன்றுதான் முதல் தடவை உண்மையாகப் பார்த்தோம். ஆறு இலக்கத்துக்கு அழகழகாக ஆறு பெட்டி. ஒன்றில் எண் போட்டதும் கர்சர் தானாக அடுத்ததுக்குத் தாவும். கண்ணுக்கு இனிமை. காதுக்கு, யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. மொத்தமாக ஒட்டவும் விடாது. ஒரே பெட்டியாக மாற்ற அரை நாள் ஆயிற்று. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழையும் இடத்தில் மனப்பாடமாகவோ பார்த்து எழுதியோதான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே, ஒட்டுவதைத் தடுக்காதே என்கிறது. ஆறு பெட்டியை விரும்பிய டிசைனர் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. பரவாயில்லை.

சீட் விஷயத்தில் அவர் கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உட்கார வைத்தது. "இந்தப் படமே எனக்கு வேண்டாம். காலியா இருக்கற கீழ் பெர்த்தை மட்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக் காட்டினாப் போதும்." இத்தனை மாதம் நாங்கள் படத்தைப் பேச வைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு வேண்டியது பட்டியல். இரண்டு நாளில் எழுதிவிட்டோம். அதைக் கண் நன்றாகத் தெரிகிறவர்களும் பயன்படுத்துகிறார்கள், முக்கியமாக சின்ன போனில் விரலால் பெட்டியைத் தொட முடியாத பெரியவர்கள். இதை வைத்து 'எல்லோருக்கும் பயன்' என்று அக்சஸிபிலிட்டியை விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. வேறு ஒருவரும் தொடாவிட்டாலும் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். அவர் காசு கொடுத்துப் போகிறவர்.

அந்தக் காலைக்குப் பிறகு டீமில் யாருக்கும் கண்ணில் நீர் வரவில்லை; நல்லவேளை. பரிதாபப்பட்டு எழுதுகிற நிரல் ஒரு வாரம்தான் தாங்கும். நடந்தது என்னவென்றால், எங்கள் டெஸ்டர் அக்கா திங்கட்கிழமை வந்து என்விடிஏவை நிறுவிவிட்டு மானிட்டரை அணைத்தார். இருபது வருடமாக மற்றவர்களின் தவறுகளைக் கண்டுபிடித்தே வாழ்பவர். அன்று மாலைக்குள் பதினோரு டிக்கெட் போட்டார், எல்லாமே வெறும் பக், பட்டை இல்லாமல்.

அங்கிருந்து சின்னச் சின்னதாக மாறியது. டிக்கெட் எழுதும்போது கீழே ஒரு வரி கட்டாயம்: "மவுஸைத் தொடாமல் இதை எப்படி முடிப்பது?" பதில் எழுத முடியாவிட்டால் வேலை இன்னும் யோசிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைந்து கொடுக்கும்போது தலைப்புகளின் வரிசையையும், படக்குறிகளின் பெயரையும் டிசைனரே எழுதித் தருவார். பெருக்கல் குறிக்கு 'மூடு' என்று அவர் எழுதித் தந்தால் நாங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நிறத்துக்கு வாக்குவாதமே இல்லை, கணக்குதான்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1. டிசைனர்களுக்குப் பிடித்த 999999 என்ற சாம்பல் வெள்ளையில் 2.85-தான் வரும். 767676 வரை கறுத்தால் 4.54, தேறிவிடும். மென்மையும் போய்விடாது, அவரே ஒப்புக்கொண்டார். தளத்தின் நிறத் தொகுப்பிலிருந்தே 999999-ஐ எடுத்துவிட்டோம். இல்லாத நிறத்தை யாரும் தவறிப்போய்ப் பயன்படுத்த முடியாதல்லவா.

தானியங்கிச் சோதனையை, நிரலை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் பில்டில் சேர்த்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் தப்பாகச் சேர்த்தோம். பிழை இருந்தால் பில்ட் நிற்கும் என்று வைத்தோம். பழைய பக்கங்களில் 311 பிழை. ஒன்றுமே வெளியே போகவில்லை, இரண்டாம் நாள் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். பிறகு அக்கா ஒரு வழி சொன்னார்: 311 இருக்கட்டும், 312 ஆகக் கூடாது. 305 ஆகக் குறைந்தால் அதற்கப்புறம் 305-தான் எல்லை. ஏறக்கூடாது, இறங்கலாம். யாரும் பெரிதாக உட்கார்ந்து தீர்க்கவில்லை. எந்தப் பக்கத்தில் வேறு வேலைக்குக் கை வைத்தாலும் அங்கே கிடப்பதில் இரண்டு மூன்றைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். ஒன்றரை வருடத்தில் இருபதுக்குக் கீழே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம் மவுஸ் விரதம். அந்த வாரம் வெளியாகப்போவதை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, மவுஸைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கீபோர்டு மட்டும் வைத்து டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் மூன்று பேர் வந்தோம். பஜ்ஜி வரவழைத்த வாரம் எல்லோரும் வந்தார்கள். இன்றும் பஜ்ஜி உண்டு. கொள்கை உறுதியை மட்டும் நம்பி எதையும் நடத்த முடியாது. முதல் மாதம் அதிகம் கிடைத்தது ஒரே வகைக் கோளாறு: டேப் தட்டினால் இப்போது எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. நிற்கும் இடத்தைச் சுற்றி பிரவுசர் போடும் நீலக் கட்டம் அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ எப்போதோ ஒரே வரியில் நீக்கியிருந்தார்கள். யாரென்று, நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட்டில் தேடினேன். நான்தான்.

தமிழ்ப் பக்கத்தின் கதையைத் தனியாகவே எழுதலாம். எங்கள் தளத்துக்குத் தமிழ் வடிவம் உண்டு. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது, ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துச் செய்ததால். திரைவாசிப்பான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்வது அந்தக் குறிப்பை வைத்துத்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளையெல்லாம் தாண்டிக் குதித்து எண்களை மட்டும் வாசித்தது: "850... 21... 30..." ஒரு சொல் மாற்றியதும் தமிழ்க் குரல் வந்தது. அந்தக் குரல் என்ன சொன்னது தெரியுமா? 'க்ளோஸ்', 'நெக்ஸ்ட்', 'செலக்ட் சீட்'. கண்ணுக்குத் தெரியும் சொற்களையெல்லாம் மொழிபெயர்ப்புக்கு அனுப்பியிருந்தோம். காதுக்கு மட்டும் கேட்கும் பெயர்கள் நிரலுக்குள் ஆங்கிலத்திலேயே ஒளிந்துகிடந்தன. கண்ணுக்குத் தெரியாதது மொழிபெயர்ப்பாளர் கைக்கும் போவதில்லை.

எழுத்தைப் பெரிதாக்கினாலும் வம்பு. 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக்கூடாது என்பது விதி. 'செலக்ட்' அடங்குகிற பட்டனில் 'தேர்ந்தெடுக்கவும்' அடங்காது. ஆங்கிலத்தைக் கணக்கில் வைத்து உயரத்தைப் பூட்டி வைத்திருந்ததால் 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்பட்டு 'கீழ் பெர்த்' என்பது கிட்டத்தட்ட 'கழ் பெர்த்' என்று நின்றது. ஆங்கிலப் பக்கத்தைச் சோதித்துத் தேறிய எதுவும் தமிழில் தேறிவிட்டதாக ஆகாது. இன்னும் தீராத ஒன்றும் உண்டு: சில பஸ்காரர்கள் அனுப்பும் ரத்து விதிகளின் பிடிஎஃப். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். இன்னமும் வருகிறது. ஒவ்வொன்றையும் மறுபடி தட்டச்சு செய்கிறோம்.

நடுவில் ஒரு விற்பனையாளரும் வந்தார். ஒரே வரி ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்தால் போதும், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றார். இப்படிச் சொல்லி விற்ற ஒரு நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வசூலிக்க அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அதை எடுத்துக் காட்டினேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சட்டத்தைப் பற்றி மேலே இருப்பவர்கள் அதிகம் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. 2024 நவம்பரில், ராஜீவ் ரத்தூரி வழக்கில், தரங்களை வெறும் பரிந்துரையாக விடக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30-ல் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் வருகிறது என்றது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களிடம், உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொன்ன கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சோதனை) முறை பற்றிய வழக்கு அது. அந்தச் 'சிமிட்டு' என்ற திரையையும் எங்களைப் போல ஒரு டீம்தான் எழுதியிருக்கும், நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஐரோப்பாவிலும் 2025 ஜூன் 28 முதல் சட்டம் அமலில் இருக்கிறது, பயணிகள் போக்குவரத்தின் டிக்கெட் தளங்களும் அதில் அடக்கம். இதெல்லாம் வந்ததால் எங்களுக்குப் பட்ஜெட் கிடைத்தது. நன்றி. ஆனால் தீர்ப்பு எதுவும் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பிஆரை, அதாவது சேர்க்கக் காத்திருக்கும் நிரல் மாற்றத்தை, திறந்து பார்க்காது.

போன மாதம் பொங்கல் புக்கிங்குக்காக வேறொரு டீம் ஒரு விளம்பரப் பட்டையைச் சேர்த்தது. அது திறந்ததும் கீபோர்டு நிற்கும் இடமான ஃபோகஸை இழுத்துக்கொண்டு போய் வைத்துக்கொள்ளும், திரும்ப விடாது. சீட் பட்டியல் வரைக்கும் போகவே முடியாது. கல்லூரி முடித்து நாலு மாதம் முன்பு சேர்ந்த பெண் வெள்ளிக்கிழமை பஜ்ஜி நேரத்தில் அதைப் பிடித்து, பக் போட்டு, எழுதியவரிடமே அனுப்பி, திங்கட்கிழமை தீர்த்தாயிற்று. எனக்கு யாரும் சொல்லவில்லை. ரிலீஸ் குறிப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு 142 வரிசையும் தெரியாது, கேக்கும் தெரியாது. விரதம் எதற்கு வைக்கிறோம் என்று கேட்டதற்கு, "எல்லா கம்பெனிலயும் இருக்கும்தானே அண்ணா?" என்றாள்.

அந்த ஆசிரியரின் குரலை சமீபத்தில் மறுபடி கேட்டேன். புது டிக்கெட், புது ஒலிப்பதிவு, ஏகக் கோபம். "நான் டிக்கெட் போட்டது புது பஸ் ஸ்டாண்டுக்கு. அதிகாலை நாலு மணிக்கு வண்ணார்பேட்டை பைபாஸ்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். ஏசி வேற வேலை செய்யல. போர்வை நாத்தம். யாருகிட்ட சொல்லணும்?"

டிக்கெட்டை பஸ்காரருக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் டீமுக்கு அதில் வேலை எதுவும் இல்லை.